கடலடி எண்ணெயும் கீரிமலைத் தண்ணீரும்

கீரிமலைக் கேணியில் ஒரு முறையேனும் முழுகி எழாத யாழ்ப்பாணத்தவர் மிகச் சிலரே. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் தீர்க்க வருவோரும், நகுலேசுவரப் பெருமானை வழிபட வருவோரும், வெயிலுக்கு ஆற்றாது சும்மா குளிக்க வரும் இளைஞரும் அங்கே ஒரே அதிசயத்தைக் காண்கின்றனர். சில அடிகளுக்கு அப்பால் உப்புக் கடல் அலையெறிந்து நிற்கின்றது. இப்பால், மண்ணின் அடியிலிருந்து நன்னீர் ஊறிக் கேணியை நிறைத்துக் கடலை நோக்கி ஓடுகின்றது. அந்நீர் மலையிலிருந்து வருவதன்று. கீரிமலை என்னும் பெயரில் மலை இருக்கின்றதேயன்றிக் குடாநாட்டில் மலை ஏது? வலிகாமத்துச் செம்பாட்டு நிலத்தில் மாரியில் பெய்யும் மழை, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத வழிகளில் நடந்து, கரையில் தலைகாட்டுகின்றது. தெல்லிப்பழையிலும் சுன்னாகத்திலும் இறைக்கப்படும் தண்ணீரும் அதே கல்லில் தங்கிய தண்ணீரே.

இத்தண்ணீரைப் பற்றி இன்று எழுதத் தலைப்பட்டமைக்குக் காரணம் எண்ணெய்.

வடக்கே எண்ணெய் உண்டா என்னும் கேள்வி புதியதன்று. சோழநாட்டு வயல்களின் அடியிலும், பாக்குநீரிணையின் அடியிலும், எமது வடபகுதியின் ஓரத்திலும் பரந்து கிடப்பது ஒரே படுகை என்பது புவிச்சரித நிபுணர் நன்கறிந்த விஷயம். அதற்குக் காவேரிப் படுகை என்று பெயர். பூர்வத்தில் ஒன்றாயிருந்த பெருநிலம் பிளவுண்ட காலத்தில் உண்டான பள்ளங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வண்டல் படிந்து, அதனுள் புதைந்த உயிர்ப்பொருள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியது. அப்படுகையின் மேற்குப் பாதியில் இந்தியாவின் எண்ணெய் இயற்கை வாயுக் கழகம் பல பத்தாண்டுகளாகத் துளைத்து வருகின்றது. நாகைக்கு அண்மையிலுள்ள நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. குத்தாலத்திலும் கமலாபுரத்திலும் கிடைத்தது. 1993-ல் நரிமணத்தருகே ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் தொன் சுத்திகரிக்கும் ஆலையும் எழுந்தது. கடலுக்கு அக்கரையில் இருப்பது இக்கரையில் மட்டும் எவ்வாறு இல்லாமற்போகும் என்று எமது இளைஞர் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆயின், அவசரப்பட்டு ஆகாயக் கோட்டை கட்டுதல் தகாது. 1970-களின் முற்பகுதியில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் நிபுணரின் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் மூன்று கிணறுகளைத் துளைத்தது. அன்று பேசாலையில் எண்ணெய் பொங்கிவிட்டதென்றே நாடெங்கும் பேச்சு அடிபட்டது. 1976-ல் பாக்குநீரிணையில் ஒரு கிணறும் நெடுந்தீவுக்கு அப்பால் ஒரு கிணறும் துளைக்கப்பட்டன. 1981-ல் பருத்தித்துறையின் பெயர் தாங்கிய கிணறு ஒன்றும் துளைக்கப்பட்டது. இவற்றுள் எதுவும் விற்பனைக்கு உதவும் எண்ணெயைத் தரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2011-ல், மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் ‘டொராடோ’, ‘பரகூடா’ என்னும் இரு கிணறுகளில் இயற்கை வாயு காணப்பட்டது. டொராடோவில் கடலின் ஆழமே 1,354 மீற்றர். அதற்கும் கீழே பாறையைத் துளைத்துச் சென்று, ஏறத்தாழ 25 மீற்றர் தடிப்புள்ள மணற்கற் படையில் வாயுவைக் கண்டனர். பின்னர் துளைத்த கிணறுகள் வெறுங் கிணறுகளாயின. உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்தது. உரிமம் பெற்றிருந்த கம்பனி 2015-ல் கையைக் கழுவிக்கொண்டு வெளியேறிற்று. கண்ட வாயுவும் கண்ட இடத்திலேயே கிடக்கின்றது. பேசாலையில் முதற் கிணறு தோண்டிய நாளிலிருந்து இதுவரை இலங்கை தன் நிலத்திலிருந்தோ கடலிலிருந்தோ வணிக முறையில் ஒரு பீப்பாய் எண்ணெயும் எடுத்ததில்லை.

இவ்வளவையும் கூறிவிட்டு, எண்ணெய் எமக்கு வேண்டாம் என்று கூறுவோமா? அவ்வாறு கூற நாம் முற்றுந் துறந்த முனிவரல்லர். எண்ணெயின் அருமையை உலகில் எவரேனும் அறிந்திருப்பரெனின் அவர் யாழ்ப்பாணத்தவராகவே இருத்தல் வேண்டும். 1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்குள் வரலாகாது என்றிருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி வைத்து, அந்தச் சிறு சுடரில் படித்த மாணவர் இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருக்கின்றனர். இதனை வாசிப்போருள்ளும் அவர் பலர் இருப்பர். பெற்றோலைச் சொட்டாக விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தெழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்ற காட்சி யாருக்குத்தான் மறந்திருக்கும்! பின்னர் 2022-ல் நாடு முழுவதுமே வரிசையில் நின்றபோது எம்மவர் அதிகம் வியப்படையவில்லை. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது அடி வயிற்றில் விழுந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெய் குடிப்பவை. மீனவரின் படகு இயந்திரங்களும் அவ்வாறே. கொழும்பில் மண்ணெண்ணெய் ஏழையின் அடுப்பு. இங்கே அது கமக்காரனின் துலாவும் கடற்றொழிலாளியின் துடுப்பும் ஆகும்.

ஆகவே, கடலின் அடியில் செல்வம் இருப்பின் அஃது எடுக்கப்படுவதை நாம் எதிர்க்கவில்லை. எடுப்பவர் யார், எவர் கேட்டு எடுப்பர், எடுத்தபின் எதை விட்டுச் செல்வர் என்பவையே எமது கேள்விகள். இக்கேள்விகளை எழுப்ப எமக்கு உரிமை மட்டுமன்று, அனுபவமும் உண்டு. அவ்வனுபவம் கீரிமலைக்கு அருகிலேயே கிடக்கின்றது. எவரும் சென்று பார்க்கலாம்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது வடபகுதி மக்கள் அதனை மகிழ்ச்சியோடு வரவேற்றனர். மகிழ வேண்டியதுந்தான். சுண்ணாம்புக் கல் இவ்விடத்துக் கல். களிமண் முருங்கனிலிருந்து இரயிலில் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது. பின்னர் காலியில் நிறுவப்பட்ட ஆலைக்கு அரைப்பதற்கான மூலப்பொருளும் இங்கிருந்தே கப்பலேறிற்று. நாடெங்கும் எழுந்த கட்டிடங்களுள் கீரிமலைப் பகுதியின் கல் கலவாத கட்டிடம் எத்தனை என்று எண்ணுவது கடினம். 1990-ல் யுத்தத்தோடு தொழிற்சாலை நின்றது, ஊரும் பெயர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து மக்கள் சிறிது சிறிதாகத் திரும்பி வந்தபோது அவர்களை எதிர்கொண்டவை பற்றை மூடிய வீடுகளும், கல் அகழ்ந்த பெரும் பள்ளங்களுமே. நீரைத் தாங்கி நிற்கும் கல்லையே வெட்டி விற்றுவிட்டோம் என்பதைக் காலங்கடந்து உணர்ந்தோம். நாற்பது ஆண்டுகள் கல் வெட்டியவர்கள், வெட்டிய பள்ளத்தை மூடுவது எவர் கடமை என்பதை முதல் நாளே எழுதி வைத்திருந்தால், அப்பள்ளங்கள் இன்று இவ்வாறு வாய்பிளந்து கிடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது அனுபவம் இன்னும் கசப்பானது. அது எண்ணெயைப் பற்றியதே. சுன்னாகத்தில் மின்சாரம் உற்பத்தி செய்த இடத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்ததை மக்கள் கண்டனர். வாளியில் அள்ளிய நீரில் வானவில் தெரிந்தது. குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கலாமா என்று தாய்மார் கேட்டபோது, கொடுக்கலாம் என்றார் ஒருவர், கூடாது என்றார் மற்றொருவர், ஆய்வு நடக்கின்றது என்றார் வேறொருவர். தண்ணீர் பவுசர்கள் ஊர் ஊராகச் சென்றன. தோட்டத்துக்கு எந்த நீரை இறைப்பது, சந்தையில் எமது மரக்கறியை எவர் வாங்குவர் என்று கமக்காரர் கலங்கினர். இறுதியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசுபடுத்தியவனே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியைக் கைக்கொண்டு, 2019 ஏப்ரிலில் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நீதியரசரின் தீர்ப்பை நாம் தலைவணங்கி ஏற்கின்றோம். ஆனால் கணக்குப் பார்ப்போர் பார்க்கட்டும்: கெட்டுப்போன ஒரு கிணற்றுக்கு அத்தொகையில் எவ்வளவு தேறும்? அவ்வழக்கில் எழுந்த பெரும் வாதம் ஒன்றைச் சட்டம் அறிந்தோர் கவனிக்க வேண்டும். எண்ணெய் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, புதியதா பழையதா என்பதே அவ்வாதம். முன்னைய நிலைமையைக் காட்டும் ஒழுங்கான அளவுக் குறிப்புகள் இருந்திருப்பின் அவ்வாதத்துக்கு இவ்வளவு இடம் இருந்திராது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கூறுதல் எமது கடமை. ஆழ்கடலில் கிணறு துளைத்தால் கீரிமலைக் கேணி மறுநாளே வற்றிவிடும் என்று மேடையில் எவரேனும் முழங்கினால் வாசகர் அதனை நம்ப வேண்டியதில்லை. எமது நன்னீர் தங்குவது மேலேயுள்ள சுண்ணாம்புக் கல்லில். எண்ணெய் தேடுவது அதற்கு மிகக் கீழேயுள்ள படைகளில். அபாயம் வேறிடத்தில் இருக்கின்றது. கடலில் துளைப்பவனுக்குக் கரையில் தளம் வேண்டும். எரிபொருட் தாங்கிகள் வேண்டும். துளையிடும் சேறும், வாயுவோடு மேலே வரும் உவர்நீரும், கழிவெண்ணெயும் எங்கேயோ கொட்டப்பட வேண்டும். வாயு கரையேறும் குழாய்க்கு ஓர் இடம் வேண்டும். ஆற்று நிலத்தில் கொட்டினால் மண் சிறிது காலமேனும் தடுத்து நிற்கும். எமது நிலத்திலோ மேலே மெல்லிய மண், அதன்கீழ் உடனே பொந்து நிறைந்த கல். சுன்னாகத்தில் நாம் கண்டதுபோல் இங்கே கொட்டியது அங்கே கிணற்றில் தலைகாட்டும்.

அதற்கும் மேலாக, எமது நன்னீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியல் விதி. மேலே ஓர் அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறுகின்றது. வாய்க்கால் ஓடாத இக்குடாநாட்டில், மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை நதி என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எமக்கு, வேறு தண்ணீர் இல்லை. தொழிற்சாலையொன்று நாளெல்லாம் இராட்சத இயந்திரம் கொண்டு நீர் இறைக்குமாயின் அஃதே போதும். எண்ணெய் சிந்தவும் வேண்டியதில்லை.

கடலிலும் அவ்வாறே. பாக்குநீரிணை ஆழங் குறைந்த கடல். ஆழ்கடலில் சிந்தும் எண்ணெய் கலைந்து போகலாம். ஆழமற்ற கடலில் சிந்துவது கரையிலே ஒதுங்கும். இழுவைப் படகுகளால் ஏற்கெனவே வலையும் வாழ்வும் இழந்து நிற்கும் எமது மீனவரிடம், இனி இந்த எல்லைக்குள் துளையிடும் மேடை நிற்கின்றது, கிட்ட வராதே என்றும் கூறப்படுமாயின், அவர் எங்கே போவார்?

இனி, தீர்மானிப்பவர் யார் என்பதைப் பார்ப்போம். 1974-ம் ஆண்டில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே பாக்குநீரிணையில் எல்லை வகுத்த உடன்படிக்கையை எல்லோரும் கச்சதீவு உடன்படிக்கை என்றே அறிவர். அத்தீவைப் பற்றி இருகரையிலும் பேசப்பட்ட பேச்சுகளைச் சேர்த்தால் தீவையே மூடிவிடலாம். ஆனால் அதன் ஏழாம் பிரிவை வாசித்தவர் எத்தனை பேர்? எல்லைக் கோட்டைக் கடந்து இருபுறமும் பரந்து கிடக்கும் எண்ணெய் அல்லது இயற்கை வாயுத் திரட்சி ஒன்று ஒருபுறமிருந்து எடுக்கப்படுமாயின், அதனை எவ்வாறு சிறப்பாகப் பயன்படுத்துவது, வருவாயை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்று இரு நாடுகளும் உடன்பாடு காண முயலவேண்டும் என அப்பிரிவு கூறுகின்றது. டில்லிக்கும் கொழும்புக்கும் பங்கு சொன்ன அப்பிரிவில் வேதாரணியத்து மீனவனுக்கோ மாதகல் மீனவனுக்கோ ஒரு சொல்லும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய பத்திரத்தில் அதனை எதிர்பார்த்திருக்க முடியாதென்று வைத்துக்கொள்வோம். இனி எழுதப்படும் பத்திரங்களிலும் இல்லாதிருப்பதை ஏற்க முடியுமா?

இலங்கைக்குள்ளேயும் நிலை அதுவே. 2003-ல் ஒரு பெற்றோலிய வளச் சட்டம், அதனை நீக்கி 2021-ல் மற்றொரு சட்டம். புதிய சட்டத்தின்கீழ் ஓர் அதிகாரசபையும் அமைந்தது. பதின்மூன்றாம் திருத்தத்தின்படி எண்ணெய் வயல்கள் மத்திய அரசாங்கத்துக்கென ஒதுக்கப்பட்ட விஷயம். மாகாண சபைக்கு அதில் வாயில்லை. வாய் இருந்தாலும் பேச ஆளில்லை: முதலாவது வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்து, அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மாகாணத்தின் வாசலில் வளம் கிடக்க, மாகாணமோ வாசலுக்கு வெளியே நிற்கின்றது.

அக்கரையில் நடந்ததைச் சிறிது நோக்குவோம். தஞ்சைத் தரணியில் எண்ணெய்க் கிணறுகள் தோன்றியபோது அவற்றை எதிர்த்தவர் அதிகமில்லை. ஆண்டுகள் சென்றன. நெடுவாசலில் 2017-ல் கிராம மக்கள் மாதக்கணக்கில் வீதியில் அமர்ந்தனர். அதே ஆண்டில் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. இறுதியில் 2020-ல் தமிழக சட்டசபை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் அயல் மாவட்டங்களின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய் வாயுக் கிணறுகளைத் தடைசெய்தது. முன்பே இயங்கிய கிணறுகளுக்கு அச்சட்டம் இடையூறு செய்யவில்லை. எனவே அதனைப் பூரண வெற்றி என்று கூறமாட்டோம். ஆயினும் அங்கே ஒரு மாநிலம் இருந்தது, அதற்கு ஒரு சட்டசபை இருந்தது, அது கூடிச் சட்டம் செய்தது. நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு உரிமப்பணம் அங்கே மாநிலத்தின் கணக்கில் சேர்கின்றது.

உலகம் இரு வழிகளையும் கண்டிருக்கின்றது. நோர்வேயின் கடலில் 1969-ல் எண்ணெய் கண்டபோது அந்நாட்டார் முதலில் விதிகளை எழுதினர். பின்னர் 1990-ல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கெனச் சட்டத்தால் ஒரு நிதியமும் வகுத்தனர். நைஜீரியாவின் ஒலோய்பிரி என்னுங் கிராமத்தில் 1956-ல் எண்ணெய் பீறிட்டது. அக்கழிமுகத்தில் ஓகோனி மக்களின் நிலத்தை ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிறுவனம் ஆராய்ந்து 2011-ல் அறிக்கை வெளியிட்டபோது, ஓரிடத்தில் மக்கள் குடித்த கிணற்று நீரில் பென்சீன் என்னும் நஞ்சு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தொள்ளாயிரம் மடங்குக்கு மேல் தாண்டியிருந்தது. அம்மக்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சரோ-விவா 1995-ல் தூக்கிலிடப்பட்டார். இவ்விரு நாடுகளுக்கும் வேற்றுமை எண்ணெயின் தரத்தில் இல்லை.

வடகடலில் இனி எந்தத் துண்டு ஏலத்துக்கு வந்தாலும், உரிமம் எழுதப்படுமுன் எமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கவேண்டியவை உண்டு. வருவாயின் ஒரு பங்கு, மந்திரியின் தயவால் அன்றிச் சட்டத்தின் வாசகத்தால், வளம் எடுக்கப்படும் மாகாணத்துக்குச் சேர்தல் வேண்டும். தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டு அறிக்கைகளை மக்கள் பார்வையிட முப்பது நாள் தவணை உண்டு. அவ்வறிக்கை மயிலிட்டி மீனவனும் வாசிக்கக்கூடிய தமிழில், அவன் ஊரிலேயே வைக்கப்பட வேண்டும். கொழும்பில் ஓர் அலுமாரிக்குள் ஆங்கிலத்தில் இருக்கும் அறிக்கைக்கு முப்பது நாள் தந்தாலென்ன, முந்நூறு நாள் தந்தாலென்ன? கரைத்தளம் வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமையலாகாது. சிந்தினால் துடைப்பதற்கும் மூடிச் செல்வதற்குமான பணத்தைக் கம்பனி முன்கூட்டியே கட்டிவைத்தல் வேண்டும். சீமெந்துப் பள்ளத்தின் பாடம் அதுவே. வேலைக்கு ஆள் தேவைப்படும்போது காவலாளியாகவும் கூலியாகவும் மட்டும் எம்மவரைத் தேடாதிருக்க, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் இத்துறைக் கல்விக்கு இன்றே இடம் வகுக்கப்படல் வேண்டும்.

பிரதிநிதிகள் கேட்பார்களா என்பது வேறு விஷயம். கேட்பார்கள் என்று நம்பி வாளாவிருக்க நாம் தயாரில்லை. சுன்னாகத்தில் அவர்கள் எவ்வளவு நாள் கழித்துக் கேட்டார்கள் என்பது வாசகர் அறிந்ததே.

ஆகையால் எவர் அனுமதியும் வேண்டாத ஒரு வேலையை எமது வாசகரிடம் ஒப்படைக்கின்றோம். வழக்கு வந்தபின் தேடினால் கிடைக்காதது, முன்னைய அளவுக் குறிப்பு. கமக்காரர் தத்தம் கிணற்றைத் திறந்துவிடட்டும். வைத்தியர்களும், இரசாயன ஆசிரியர்களும், நில அளவையாளரும், பொறியியலாளரும் ஊருக்கு நால்வராகச் சேர்ந்து, மாரி முடிந்த தை மாதத்தில் ஒரு முறையும் கோடை முற்றிய ஆவணியில் ஒரு முறையும், நீர் மட்டத்தையும் உவர்ப்பையும் எண்ணெயையும் நைத்திரேற்றையும் அளந்து, தேதியிட்டு, கையொப்பமிட்டுக் கிராமத்து வாசிகசாலையில் வைக்கட்டும். நைத்திரேற்று எமது தோட்டங்களில் நாமே அளவின்றிக் கொட்டிய உரத்தின் குற்றம் என்று சிலர் கூறுவர். உண்மையே, அதையும் மறைக்காது எழுதட்டும். சட்டத்தரணிகள் அக்குறிப்புகள் நீதிமன்றத்தில் செல்லும்படி எவ்வாறு எழுதப்படவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கட்டும். கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, சுன்னாகம் என்று கரையிலிருந்து உள்ளே வரும் வரிசையில், முதற் போத்தல் நீர் கீரிமலைக் கேணியின் ஊற்றுக்கண்ணிலிருந்து வரும் தை மாதத்திலேயே எடுக்கப்படட்டும்.